விரல் வைத்தால் எரியும்

வெளியே மழை அப்படிக் கொட்டுகிறது, வாசல்படி ஏறி வந்த சிட்டிபாபுவின் சட்டையில் ஒரு பொட்டு ஈரமில்லை. பெங்களூரில் ஒயரிங் வேலைக்குப் போய் ரெண்டு நாளாய் போனே எடுக்காத மனுஷன், பையும் குடையும் இல்லாமல் சித்தூர் வீட்டில் வந்து நிற்கிறான். புருஷனைப் பார்த்த சந்தோஷத்தில் யமுனாவுக்கு அதெல்லாம் எங்கே உறைக்கப் போகிறது?

"எம்மாம் நேரம் நிப்ப? உக்காருய்யா."

உட்கார்ந்தான். நாலு வயசு மகள் சந்தியா "நைனா!" என்று ஓடிப்போய் மடியில் ஏறிக்கொண்டாள்.

யமுனா எலக்ட்ரானிக்ஸ் டிரெயினிங் போகிறாள். முடித்தால் திருப்பதி பக்கம் செல்போன் கம்பெனியில் வேலை. அப்புறம் இவன் ஊர்விட்டு ஊர் போக வேண்டாம். அந்த ஆசையில் தானே செய்த முதல் சர்க்யூட்டை எடுத்து வந்தாள். பேட்டரி, டிரான்சிஸ்டர், சின்ன எல்இடி, ஒட்டாமல் விலகி நிற்கும் ரெண்டு ஒயர் முனை. முனைகளை விரலால் தொட்டால் உடம்பு வழியாகத் துளி கரண்ட் ஓடி லைட் எரியும். காலையில் சந்தியா தொட்டுத் தொட்டுச் சிரித்தாள்.

"தொடுய்யா. ஷாக்லாம் அடிக்காது."

தொட்டான். எரியவில்லை.

"கை காஞ்சிக்கினு கீது" என்று அவன் விரலில் தண்ணீர் தடவினாள். அப்போதுதான் அந்த நாற்றம், ஒயரும் மயிரும் சேர்ந்து கருகுகிற நாற்றம், மூக்கில் ஏறியது. சர்க்யூட்தான் பொசுங்குகிறதோ என்று முகர்ந்து பார்த்தாள். இல்லை. அவன் சட்டையிலிருந்து வந்தது. தகரக் கூரையில் மழைச் சத்தம், பிள்ளை மூச்சுவிடும் சத்தம், தன் மூச்சு. அவனுடையது மட்டும் கேட்கவில்லை.

தன் விரலை வைத்தாள். பளிச்சென்று எரிந்தது.

அவன் விரல். இருட்டு.

மறுபடி அவள் விரல். வெளிச்சம்.

அவன் விரல். இருட்டு.

ஐயோ சாமி.

"வேலையில இன்னாய்யா ஆச்சு?"

"ஒண்ணுமில்லமே. கூட்டினு போலாம்னு வந்தேன்."

"யாரை?"

அவன் சந்தியாவின் தலையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"பாப்பாவ உடுய்யா!" கத்திக்கொண்டு பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. விளையாட்டென்று நினைத்த சந்தியா, "நானு, நானு" என்று மடியிலிருந்தே குனிந்து ரெண்டு முனையிலும் விரலை வைத்தாள்.

எரியவில்லை.

"அம்மா, ஏன் எரியல?"

பிள்ளை சிரித்தாள். இன்னும் அழுத்தினாள். அவள் தலைமுடியிலிருந்தும் கருகல் நாற்றம் வர ஆரம்பித்திருந்தது.