விடிந்ததும் தருவதாகச் சொன்ன தண்ணீர்

“செத்தவுகளுக்குத் தாகம் எடுக்குமா டீச்சரம்மா?”

வேலுத்தாய் ஒருநாள் மாலை வகுப்பில் இப்படிக் கேட்டாள். வெடி ஆபீசில் பட்டாசுக்கு மருந்து அடைத்துவிட்டு நேராக வந்திருந்தாள். கழுவியும் போகாத கருமை நகக்கண்களில் நின்றது.

“ஏட்டி, செத்தவுக எந்திரிச்சு வந்து பானையைத் தொறப்பாகளாக்கும்?” என்று பக்கத்திலிருந்தவள் சீண்ட, வகுப்பே சிரித்தது.

நேசரத்தினம் சிரிக்கவில்லை. அவளிடம் பதில் தயாராக இருந்தது. “எடுக்காது பிள்ளை. ஆண்டவரிட்டைப் போனாப் பிறகு பசியுமில்லை, தாகமுமில்லை.”

வேலுத்தாய் தலையாட்டினாள். நம்பிய மாதிரி தெரியவில்லை.

அந்தப் பிள்ளை இறந்துபோய் மூன்று மாதமாகிவிட்டது. இப்போது, மாலை வகுப்பு நடந்த அதே மிஷன் ஆஸ்பத்திரியின் முன்னறையில், கயிற்றுக் கட்டிலில், நேசரத்தினம் காய்ச்சலில் கிடந்தாள். மானிப்பாயில் தாதிப் படிப்பு முடித்து, ஊழியத்துக்கென்று கடல் தாண்டி அச்சங்குளத்துக்கு வந்தவள். சிலோன் டீச்சர் என்றால் சுற்றுவட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். பகலில் காயத்துக்குக் கட்டுப்போடுவாள், மாலையில் எழுத்துச் சொல்லிக்கொடுப்பாள். இந்தக் காய்ச்சலை அவள் ஊரில் நெருப்புக் காய்ச்சல் என்பார்கள். எத்தனையோ பேருக்கு இதில் பணிவிடை செய்திருக்கிறாள். உள்ளிருந்து எரிவது எப்படியிருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

கண் விழித்தபோது உச்சிப்பொழுது. ஓட்டு இடுக்குகள் வழியே வெயில் கம்பி கம்பியாக இறங்கியது. வெளியே ஒரு காக்கைகூடக் கரையவில்லை. தலைமாட்டில் மூடிவைத்திருந்த தம்ளரை எடுத்தாள். காலியாக இருந்தது. மூடி வைத்தபடியே இருந்தது. விளிம்பில் மட்டும், உதடு பட்ட இடத்தில், பிறை மாதிரி ஒரு கருப்பு.

மாடத்தி குடத்தை இறக்கி வைத்துக்கொண்டிருந்தாள். வேலுத்தாயைப் பெற்றவள். டீச்சர் படுத்துவிட்டாள் என்று கேள்விப்பட்ட அன்றே, யாரும் கூப்பிடாமல் கஞ்சிக் கலயத்தோடு வந்துவிட்டவள்.

“மாடத்தி, நீயோ இதைக் குடிச்சனி?”

“நானா? உங்க சீக்குத் தண்ணியைக் குடிச்சிட்டு, ரெண்டு பேரும் ஒண்ணாப் படுத்துக்கிடவா?” என்று சிரித்துக்கொண்டே தம்ளரை வாங்கியவள், விளிம்பைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள். அந்தக் கருப்பை விரலால் தொட்டு முகர்ந்தாள். “வெடி மருந்துல்லா இது.”

“உன்ர கையில இருந்ததோ?”

“எம்புள்ள போனதுலயிருந்து நா அந்தப் பக்கமே போகல டீச்சரம்மா.” தம்ளரை முந்தானையால் துடைத்தாள். துடைத்த முந்தானையை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

கம்பவுண்டர் அய்யாத்துரை காலையிலேயே வண்டி கட்டிக்கொண்டு விருதுநகருக்கு டாக்டரைக் கூட்டிவரப் போயிருந்தார். அந்த வருஷம் மழை இல்லை. பக்கத்துக் கிணறுகள் வற்றி, ஓடையில் ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர். ஒரு குடம் ஊறுவதற்கே அரைப் பொழுது போய்விடும்.

“காய்ச்சி ஆறவச்ச தண்ணி இந்தக் குடத்துல இம்புட்டுத்தான் இருக்கு. நா ஊத்துக்குப் போயிட்டு வாரவரைக்கும் கொஞ்சங் கொஞ்சமாக் குடிங்க. உங்க உசுரு இதுலதான் இருக்கு, பாத்துக்கிடுங்க.” வாசல்வரை போனவள் திரும்பினாள். “கதவைச் சாத்திட்டுப் போறேன். உச்சி வேளை. யாரு கூப்பிட்டாலும் தொறக்காதீக.”

அவள் காலடி ஓசை தேய்ந்தது. பிறகு வெயிலின் சத்தம் மட்டும். ஓடுகள் சூட்டில் நெளிந்து முறுகும் சத்தம்.

நேசரத்தினத்துக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. வேலுத்தாயும் இப்படித்தான் தாகத்தில் கேட்டாள். மருந்து அடைக்கும் கொட்டகை தீப்பற்றிய அன்று இரவு, வாழை இலையில் கிடத்தி, இதே ஆஸ்பத்திரியின் வாசலருகே காற்றுக்காகப் போட்டிருந்தார்கள். “தண்ணி டீச்சரம்மா.” டாக்டர் வரும்வரை தீப்புண்காரருக்கு வாயில் தண்ணீர் விடக்கூடாது என்பது அவள் படித்த சட்டம். குடித்தால் வாந்தி வரும், வாந்தியில் மூச்சடைக்கும். ஈரத் துணியால் உதட்டை மட்டும் தொட்டாள். “விடிஞ்சதும் தாறன் பிள்ளை” என்றாள். வேலுத்தாய்க்கு விடியவில்லை. இத்தனை ஆண்டுகளில் அவளுக்கு முன்பும் அந்த வாசலுக்குக் கருகிய பிள்ளைகள் வந்திருந்தார்கள். எல்லாரும் தண்ணீர் கேட்டார்கள். எல்லாரிடமும் அதே வார்த்தையைத்தான் அவள் சொல்லியிருந்தாள்.

பிறகு மாடத்தி, மகள் உயிர்போன அந்த வாசற்படியில், தினம் உச்சிவேளைக்கு ஒரு சின்ன மண்கலயத்தில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தாகத்தோடு போனவர்களுக்கு, உயிர்போன இடத்திலேயே ஒரு வருஷம் அப்படி வைப்பது அவர்கள் வழக்கம். ஜெபத்துக்கு வருகிறவர்கள் பார்ப்பார்களே என்று நேசரத்தினத்துக்குக் கூச்சம். கோபமில்லாமல்தான் அந்தத் தண்ணீரை வேப்பங்கன்றுக்கு ஊற்றினாள். கலயத்தை உள்ளே கதவோரம் கவிழ்த்து வைத்தாள். “பிள்ளை ஆண்டவரிட்டை இருக்கிறாள் மாடத்தி. அவர் குடுப்பார்.”

“அவுக குடுக்குறவரைக்கும் யாரு குடுப்பா?” என்றாள் மாடத்தி. மறுநாளிலிருந்து அவள் தண்ணீர் வைக்கவில்லை.

ஏதோ ஒரு நாற்றம் வந்தது. முதலில் கந்தகம் என்று நினைத்தாள். வெடி ஆபீசுப் பக்கமிருந்து காற்று வீசினால் வருவதுதான். ஆனால் காற்றே இல்லை. கந்தகத்துக்கு அடியில் இன்னொன்று இருந்தது. பொசுங்கிய முடி. வாழை இலை வாடும் மணம்.

கதவின் கீழ் இடுக்கில் வெயில் ஒரு வெள்ளைக் கோடாகக் கிடந்தது. கோட்டின் நடுவில் இரண்டு சிறிய நிழல்கள். பாதங்கள்.

ஜெபம் சொல்லப் பார்த்தாள். உலர்ந்த வாயில் சொற்கள் ஒட்டவில்லை.

நிழல்கள் அசையவில்லை.

நகத்தால் பலகையைச் சுரண்டும் ஓசை. மெதுவாக. தொந்தரவு செய்ய அஞ்சுகிற பிள்ளையைப் போல.

“டீச்சரம்மா.”

மூச்சை அடக்கிக்கொண்டாள்.

“விடிஞ்சிருச்சா டீச்சரம்மா?”

உச்சி வெயில் உலகத்தையே வெளுத்துக்கொண்டிருந்தது. அந்தக் குரலுக்கு மட்டும் இன்னும் இருட்டு.

பயம் போகவில்லை. பயத்தின் ஊடே ஓர் அழுகை கிளம்பியது. அவளுக்கு இப்போது தாகம் என்றால் என்னவென்று தெரியும். கட்டிலிலிருந்து சரிந்து விழுந்தாள். குடத்தைப் பிடித்து இழுத்துக்கொண்டு, முழங்காலால் தரையில் ஊர்ந்தாள். கவிழ்த்து வைத்த கலயம் கதவோரம் தூசி படிந்து கிடந்தது. நிமிர்த்தினாள். ஊற்றினாள். ஒரு சொட்டும் சிந்தவில்லை.

சாத்தியிருந்த கதவைத் திறந்தாள்.

“விடிஞ்சிட்டுது பிள்ளை,” என்றாள். “இந்தா.”

நிமிர்ந்து பார்க்கத் துணிவில்லை. கலயத்தைப் படியில் வைத்து, கண்ணைத் தரையிலேயே பதித்திருந்தாள். இரண்டு கைகள் வந்தன. கரிக்கட்டையாகிப் போன விரல்கள். கலயம் உயர்ந்தது. மடக்கு மடக்கென்று, மூச்சு வாங்காமல், குழந்தைகள் குடிக்கிற மாதிரியே ஒரு சத்தம். நீண்ட நேரம். பிறகு கலயம் அதே இடத்தில் மெதுவாகத் திரும்பி வந்தது. உள்ளே ஈரம்கூட இல்லை. விளிம்பில் கருப்புப் பிறை.

பாதங்கள் ஓரமாக விலகி நின்றன.

விலகிய இடத்தில் வேறு இரண்டு பாதங்கள் வந்து நின்றன. இன்னும் சிறியவை.

நேசரத்தினம் மெதுவாகத் தலையை உயர்த்தினாள். படியிலிருந்து முற்றம் தாண்டி, வேப்பங்கன்றைத் தாண்டி, ஓடைக்கரைப் பனைகள் வரைக்கும் பிள்ளைகள் நின்றார்கள். மாலை வகுப்பில் அவள் பழக்கிய அதே வரிசை. யாரும் யாரையும் இடிக்கவில்லை. யாருக்கும் நிழலைத் தவிர வேறு நிறமில்லை. முதலில் நின்றவன் மட்டும் அவள் கையைப் பார்த்தான்.

குடத்தை அணைத்து ஆட்டிப் பார்த்தாள். அடியில் கொஞ்சம் தளும்பியது. அவளுடைய உயிர் அதில்தான் இருந்தது. சரித்து, கலயத்தில் ஊற்றினாள்.

அவனுக்குப் பின்னால், கொளுத்தும் வெயிலில், மற்றவர்கள் எல்லாரும் முகத்தைத் திருப்பிக் கிழக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்கள், எப்போது விடியும் என்று.