ஷேடு பார்க்க வெயில் வேண்டும்

மேசைமேல் வைத்த கைக்கு நிழல் விழவில்லை. அழகுமலை கையைத் தூக்கினான், இறக்கினான், கத்தரியைப் பிடித்துப் பார்த்தான். அதற்கும் இல்லை.

தீபாவளிக்கு மறுநாள் காலை. அருள்புரம் சாயப்பட்டறையில் ஆட்களெல்லாம் ஊருக்குப் போய்விட, சாய நிறம் ஒத்துப் பார்க்கும் ஷேடு மாஸ்டரான அவனும் வாட்ச்மேன் கன்னையனும்தான் மிச்சம். சிவப்புத் துணியில் ஒரு துண்டு கத்தரித்து, வெயிலில் பிடித்து, நிறம் சாம்பிளோடு ஒத்திருக்கிறதா என்று சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. மனைவி நாகஜோதியோடு சாத்தூர் பஸ் ஏறிவிடலாம். வெயிலைத்தான் காணோம். ராத்திரி முழுக்க வெடித்த பட்டாசின் தூள் காற்றிலேயே நின்று, வருகிற வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடித்துக்கொண்டிருந்தது. வெயில் விழாததால் தரை சூடாகவில்லை. தரை சூடாகாததால் புகையும் மேலே எழும்பவில்லை. பக்கத்து ராயபுரத்தில் ஒருவர் ஈரத்துண்டை அந்தப் புகைமேல் போட்டாராம், விழாமல் நின்றதாம். நின்ற இடத்தைக் கையால் வேறு காட்டினாராம்.

“ஏனுங்க மாஸ்டர், கொடியில கெடக்கறது செகப்புங்களா, காப்பிங்களா?” கன்னையன் எட்டிப் பார்த்துக் கேட்டார்.

“வெயில் வந்தாத்தான் சொல்ல முடியும் அண்ணாச்சி.”

“என்ற நெழலையே காணமுங்க. நேத்து எண்ணெய் தேச்சுக் குளிச்சப்ப கழண்டு போயிருக்குமாட்ட இருக்குதுங்க.”

அழகுமலை சிரித்தான். பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அடித்த போனை எடுத்தான். நாகஜோதி.

“கறிக்கொழம்பு எடுத்துட்டு வண்டியில வாரேன். சும்மா வானத்தப் பாத்துட்டு நிக்காதீக.”

சீக்கிரம் வெயில் வரட்டும் என்று மனதார வேண்டியபடி, கையில் கத்தரியோடு கன்னையனைப் பின்தொடர்ந்து துணி காயும் களத்துக்கு இறங்கினான். கந்தக நெடியும் சாய நெடியும் ஒன்றாகத் தொண்டையில் ஒட்ட, காக்கைகூடக் கத்தாத அந்தச் செம்பு நிற மங்கலில், கொடி கொடியாகத் தொங்கிய ஈரத்துணியிலிருந்து நீர் சொட்டுகிற சத்தம் மட்டும், பின்னாலேயே யாரோ வெறுங்காலில் நடந்து வருவதுபோல் கேட்டுக்கொண்டிருந்தது.

எதிரே ஒரு வெள்ளைத் துணி. அதில் ஒரு நிழல்.

மையில் வரைந்ததுபோல் அவ்வளவு தெளிவு. காதில் பென்சில் செருகிய தலை. கையில் கத்தரி.

அழகுமலை தன் காதைத் தொட்டான். பென்சில் இருந்தது. நிழல் கையைத் தூக்கவில்லை.

அது அடுத்த துணிக்குத் தாவியது. கன்னையனின் பக்கத்துத் துணிக்கு.

“அண்ணாச்சி, இங்கிட்டு வாங்க!”

“ஏனுங்க...”

நிழலின் கத்தரி திறந்தது. மூடியது. கன்னையனின் கழுத்தில் இன்னொரு வாய் திறந்து, மூச்சு அந்த வழியாகச் சீறியது. இரண்டு கையாலும் பொத்தினார். கத்தரி விரல்களையும் எடுத்துக்கொண்டது. அவர் துணியைப் பிடித்து இழுத்தபடி முழங்காலில் விழ, வெள்ளையில் பீய்ச்சிய ரத்தம் அந்த வெளிச்சத்தில் காப்பி நிறமாக ஓடியது. இத்தனை வருடப் பழக்கம். அழகுமலையின் மனம் தானாகச் சொன்னது: ஷேடு ஒத்து வரவில்லை.

அவன் கையிலிருந்த கத்தரி மூடியபடியே இருந்தது. உலர்ந்து.

ஓடினான். கேட் மேற்கே. ஈரத்துணி முகத்தில் அறைந்தது. ஒன்று. இன்னொன்று. வெளியே வண்டி வந்து நிற்கும் சத்தம்.

“உள்ள வராத! திரும்பிப் போ!”

நாகஜோதி கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டாள். “என்னத்துக்கு இப்படி ஓடியாறீக? கொழம்பு எங்கயும் ஓடிப் போயிராது.”

முதுகில் சுள்ளென்று பட்டது.

வெயில்.

நிழல்கள் திரும்பின. கொடிகளுக்கு. கேட்டுக்கு. நாகஜோதிக்கு. கடைசியாக அவன் காலிலும் ஒன்று வந்து ஒட்டிக்கொண்டது. சில்லென்று. அவனுக்கு முன்னால், நீளமாக.

அவன் நின்றான். அது நிற்கவில்லை. நீண்டுகொண்டே போனது.

கத்தரியைத் தூர வீசினான். நிழலின் கையில் கத்தரி இருந்தது. அதன் நுனியிலிருந்து தரையில் சொட்டிக்கொண்டே போனது, நல்ல வெயிலில், சாம்பிளோடு அச்சாக ஒத்த சிவப்பு.

நாகஜோதி தூக்குவாளியை நீட்டிச் சிரித்தாள். அதற்குள் அவன் நிழல் அவள் சேலையில் ஏறி, கழுத்தளவு வந்துவிட்டிருந்தது.