நெருங்கி வரும் முகவரி

அந்தக் கணினி முகவரி மூன்றாவது சுற்றிலும் வந்தது. இந்த முறை இன்னும் கிட்டத்தில்.

சாப்பாடு முடிந்து விளக்கணைத்துத் திரை இழுத்துவிட்ட அந்தச் சீனத்துச் செங்து நகர அலுவலகத்தில், மடக்குக் கட்டில்களில் முப்பது பேர் மதியத் தூக்கம் போட, மிளகாய் எண்ணெய் வாடையும் குறட்டையும் ஏசியின் முனகலும் கலந்த இருட்டில், யூஜிங் மட்டும் கறுப்புத் திரையில் ஓடும் வரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எழுதிய கருவி, உலகமெங்கும் இலவசமாகத் திறந்து கிடக்கும், நமக்காக இடையில் நின்று இணையப் பக்கங்களை எடுத்துத் தரும் பிராக்ஸி கணினிகளைப் பொறுக்கிவந்து, ஒவ்வொன்றின் வழியாகவும் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து பார்த்து, 'உயிர்' அல்லது 'பிணம்' என்று எழுதும். பதில் வர எத்தனை மில்லி வினாடி ஆனது என்றும் எழுதும். எண் குறையக் குறைய, அந்தக் கணினி பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம்.

நானூற்றுப் பன்னிரண்டு. தொண்ணூறு. இப்போது முப்பத்தொன்று.

"தாங் அண்ணா, இது நம்மள நோக்கி வருது பாருங்க."

பக்கத்துக் கட்டிலில் தாங் கண்ணைத் திறக்கவில்லை. "வந்தா வரட்டும்மா. வர்ற வழியில டீ வாங்கியாரச் சொல்லு. எனக்கு சக்கரை கம்மி."

அவளும் சிரித்தாள். எங்கோ இருக்கும் கணினி ஊர்விட்டு ஊர் நடந்து வராது என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் அடுத்த வரிக்காகத் திரையையே பார்த்தாள்.

பதினொன்று.

லிஃப்ட் மணி அடித்தது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் யாரும் இறங்கவில்லை.

நான்கு. வரட்டும், இங்கே முப்பது பேர் இருக்கிறோம் என்று நினைத்தாள்.

அப்போதுதான் உறைத்தது. அலுவலகத்தில் தடை என்பதால் கருவியை வீட்டுக் கணினியில் ஓடவிட்டிருந்தாள். இங்கே தெரிவது அதன் திரை மட்டும். அந்த எண்களெல்லாம் வீட்டிலிருந்து அளந்தவை.

வீட்டில் ஷியாவ்மான். ஏழு வயது. காய்ச்சல் என்று பள்ளிக்கு அனுப்பாமல், தனியாகப் படுக்கவைத்துவிட்டு வந்த மகள்.

இரண்டு.

சோதனைக்கு எந்தப் பக்கத்தைக் கொடுத்தோம்? சோம்பல்பட்டுக் கைக்குக் கிடைத்ததைக் கொடுத்திருந்தாள். வீட்டு வாசலின் எண் பூட்டை இணையத்திலிருந்தே திறக்கும் பக்கம். கதவைத் திறக்கும் ரகசிய எண்ணோடு. ஒரு மாதமாக, முகம் தெரியாத ஆயிரம் கணினிகளிடம் அதை அவளே கொடுத்து அனுப்பியிருந்தாள்.

போன் போட்டாள். ஐந்தாவது மணியில் எடுத்தது குழந்தை.

"அம்மா... என்ன இன்னிக்கு சீக்கிரமா வந்துட்ட?"

"நான் வரலடா கண்ணு."

"பொய். கதவு நம்பர் அமுக்குற சத்தம் கேட்டுச்சே. செருப்பு மாத்துற சத்தம்கூட."

"ஷியாவ்மான், ரூம் கதவைச் சாத்து. இப்பவே."

"நீதான் உள்ள வந்து சாத்திட்டியேம்மா."

திரையில் புது வரி. பூஜ்யம். உயிர்.

போனில் மூச்சு. இரண்டு பேருடையது.

மணி இரண்டு. அலுவலக விளக்குகள் எரிந்தன. தாங் கொட்டாவி விட்டபடி கட்டிலை மடித்தான். "என்னம்மா, வந்தாச்சா உன் விருந்தாளி?"

போனில் இப்போது ஒரு மூச்சுதான் கேட்டது. நிதானமான, கனத்த மூச்சு. அது குழந்தையுடையது இல்லை.