214-ஆம் இணைப்பின் குரல்

தொலைபேசிக் குரலைச் சுருக்கி அனுப்பும் பழைய கோடெக்கை நிறுத்த இன்னும் ஐம்பத்திரண்டு மணி நேரம் இருந்தது. தொலைபேசிகளைப் புதிய கோடெக்குக்கு மாற்றும் பொறுப்பிலிருந்த அமலி, பட்டியலை மூன்றாவது முறையாகப் பார்த்தாள். தூத்துக்குடி கரை அலுவலகத்திலும் கடல் காற்றாலைகளிலுமாக நூற்று எண்பத்தாறு இணையத் தொலைபேசிகள். நூற்று எண்பத்தைந்தை மாற்றியாகிவிட்டது. மிச்சம் ஒன்றுதான்: 214-ஆம் இணைப்பு.

அது ஏழாம் காற்றாலைக் கோபுரத்தின் பணியறை எண். சேர்மக்கனி அங்கேதான் இருப்பார். காற்றாலைகளில் பழுது பார்க்கப் போகும் படகுகளுக்குத் திசை சொல்லி நடத்துவது அவர் வேலை.

"நாளைக்குப் பாத்துக்கலாம்மா," என்றார். கணீரென்ற குரல். "இன்னைக்கு அஞ்சு படகு வெளிய நிக்கு."

"நேத்தும் இதத்தான சொன்னீங்க அண்ணாச்சி."

"நேத்து ஆறு படகு."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

கடலடிக் கம்பிகள் அறுந்த ஆண்டில் வந்தது பழைய கோடெக். செயற்கைக்கோள் தந்த மெல்லிய இழையில் குரலுக்கு இடம் போதவில்லை. அதனால் சொற்களை மட்டும் அனுப்பினார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று ஒவ்வொருவரிடமும் பதிந்து வைத்த மூலக்குரல், மறுமுனையில் அந்தச் சொற்களைப் பேசும். இருமல் போகாது. மூச்சு போகாது. பன்னிரண்டு ஆண்டுகளாக எல்லோரும் சேர்ந்த அன்றைய வயதிலேயே பேசிக்கொண்டிருந்தார்கள். 'ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கு?' என்று தொலைபேசியில் யாரும் யாரையும் கேட்பதில்லை.

இப்போது புதிய கம்பி வந்துவிட்டது. 'முழுக்குரல்' என்ற புதிய கோடெக், வாயிலிருந்து வருவதை அப்படியே கொண்டுபோகும்.

அமலி 214-இன் பதிவேட்டைத் திறந்தாள். மைக்கில் ஏதாவது கோளாறு இருக்கலாம் என்று நினைத்தாள். மைக்கிலிருந்து வந்த ஒலி பதினொரு மாதங்களாகப் பூஜ்யம்.

சூறைக்காற்று நாட்களுக்கென்று அந்தத் தொலைபேசியில் ஒரு வசதி உண்டு. இரைச்சலில் பேச முடியாவிட்டால் தட்டச்சு செய்யலாம். தட்டுவதை மூலக்குரல் பேசும். சேர்மக்கனி பதினொரு மாதங்களாகத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். அதற்கு முந்தைய வரிகளில், ஒரே நாளில் ஒன்பது முயற்சிகள். ஒன்பதிலும் ஒரே பதில்: மூலக்குரலோடு பொருந்தாத குரல், மறுக்கப்பட்டது. அதற்கு முன்னால் இரண்டு மாத விடுப்பு. காரணம், மகள் திருமணம்.

இதை வாய் திறந்து கேட்க அமலிக்குத் தைரியம் வரவில்லை. எழுதினாள்: "அண்ணாச்சி, பதிவேடு பாத்தேன். யார்ட்டயும் சொல்லல."

பத்து நிமிடம் கழித்துப் பதில் வந்தது. "சொல்லிராத தாயீ. விதி தெரியும்லா?"

தெரியும். பணியறையில் இருப்பவர் பேசுவது கேட்பவருக்கு விளங்க வேண்டும். கோடெக் மாறியபின் முதல் காலை அழைப்பில் மூன்று படகுகள் 'விளங்குது' என்று சொன்னால்தான் அமலி பச்சைப் புள்ளி வைக்கலாம். இல்லையென்றால் அவருக்குக் கரை வேலை.

"கோடவுன்ல உக்காந்து ஸ்பேனர் எண்ணச் சொல்லுவானுவ," என்று அடுத்த வரி வந்தது. "கடலப் பாக்காம என்னால முடியாது."

"புதுசுல பொருந்துற குரல், பொருந்தாத குரல்னு கிடையாது அண்ணாச்சி. வர்றத அப்படியே கொண்டுபோவும்."

"வர்றதுதான் பயமே."

அமலி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு அவருடைய தொலைபேசிக்கு ஒரே ஓர் எண்ணை மட்டும் முழுக்குரலில் திறந்துவிட்டாள். "900 அடிங்க. நீங்க பேசினது உங்களுக்கே திரும்பி வரும். வேற யாருக்கும் கேக்காது. எனக்கும் கேக்காது."

மறுநாள் மாலை பதிவேட்டில் 900-க்கு நாற்பத்தொரு அழைப்புகள் இருந்தன. முதல் அழைப்பு நான்கு விநாடி. கடைசி அழைப்பு பதினொரு நிமிடம். அதன் கீழே ஒரு செய்தி: "மாத்திரு தாயீ."

ஆறு மணி நேரம் மிச்சமிருந்தபோது காலை அழைப்பு தொடங்கியது. அமலி காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். பழைய கோடெக்குக்குத் திருப்பும் பொத்தான் திரையில் இன்னும் இருந்தது.

"ஏழாம் கோபுரம்." கரகரத்த குரல். சொல்லுக்கு நடுவே காற்று சீறியது. "மூணாம் படகு... மேக்க திரும்பு. நீரோட்டம் இழுக்கு."

திரையின் வரைபடத்தில் மூன்றாம் படகின் புள்ளி திரும்பவில்லை. அமலியின் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

"யாருவே அது, ஏழுல?" மூன்றாம் படகை ஓட்டும் ரொசாரியோ.

"நாந்தாம்ல. திரும்புன்னா திரும்பு. தூங்கிக்கிட்டா ஓட்டுத?"

வரைபடத்தில் அந்தப் புள்ளி மேற்கே சாய்ந்தது.

"இந்த ஏச்சு வேற யாருக்கு வரும்!" ரொசாரியோ சிரித்தார். "மூணு. விளங்குது."

"அஞ்சு. விளங்குது."

மூன்றாவது 'விளங்குது' வரவில்லை. அமலி காத்திருந்தாள். கடைசியில் இரண்டாம் படகு தயங்கித் தயங்கிப் பேசியது. "பாதிதான் விளங்குச்சு அண்ணாச்சி. இன்னொருக்கா சொல்லுங்க."

நீண்ட மூச்சு ஒன்று கேட்டது. பிறகு அவர் நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, திசையையும் தூரத்தையும் சொன்னார்.

"ரெண்டு. விளங்குது."

அமலி விரலை நகர்த்திப் பச்சைப் புள்ளியை வைத்தாள்.

"வே அண்ணாச்சி," ரொசாரியோ விடுவதாக இல்லை. "தொண்டைக்கு என்ன ஆச்சு? மக கல்யாணத்துல நீரே கச்சேரி பண்ணீரா? எங்களுக்கு ஒரு பத்திரிகை கூட வைக்கலியே."

ஏழாம் கோபுரத்தின் ஜன்னலில் காற்று மோதும் சத்தம், பன்னிரண்டு ஆண்டுகளில் முதல்முறையாக, எல்லாப் படகுகளுக்கும் கேட்டது.

"கல்யாணம்லாம் இல்லவே," என்றார் சேர்மக்கனி. "ரெண்டு மாசமும் ஆசுபத்திரியில கெடந்தேன். தொண்டையில புத்துநோய். குரல்வளையில பாதிய வெட்டி எடுத்துட்டாவ."