மருதை இறக்கவில்லை

விநாயகம் கேட்டு வாங்கியது ஒரே ஒரு திருத்தம். சாவுப் பதிவேட்டின் ஓரத்தில் இரண்டு இருந்தன.

முதலாவது அவருடையது. கோர்ட்டில் மனுப் போட்டு, சாட்சி நிறுத்தி, ஆறு மாதம் செருப்புத் தேய அலைந்து எழுத வைத்தது: 'விநாயகத்தின் தகப்பனார் மருதை 1899-இல் தோட்டத்து ஆஸ்பத்திரியில் இறந்ததாகப் பதிந்தது பிழை. அங்கே இறந்த கூலி வேறொருவன். மருதை இறக்கவில்லை.' அதற்குக் கீழே, அதே கறுப்பு மையில், யாரும் கேட்காத இன்னொரு வரி: 'மருதையின் வயது ஐம்பத்திரண்டு என்பதை எண்பத்திரண்டு என்று வாசிக்கவும்.'

முப்பது வருடம் கூடியிருந்தது. இது 1929.

"யார் எழுதினது இது?"

பதிவு ஆபீஸ் குமாஸ்தா பெர்னார் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தான். "நான் எழுதலை, மூசே. அலமாரிச் சாவி என்கிட்டதான் இருக்கு. நேத்து இது இல்லை."

கூலிக்கு மாரடிக்கும் கும்பல், ஒரு வரியை ஒழுங்காக எழுதத் துப்பில்லை என்று விநாயகம் மனதுக்குள் வைதார். விரலை அந்த வரிமேல் வைத்தார். மை காயவில்லை. விரலை முகர்ந்தபோது மையின் வாசனை வரவில்லை. நனைந்த கோணிச் சாக்கின் வாசனை வந்தது. மழை நாளில் கரும்பு வெட்டுக்குப் போகிற கூலிகள் முதுகில் போர்த்திக்கொள்வார்களே, அந்தச் சாக்கு. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"முதல் திருத்தத்தை மட்டும் எழுதி நகல் கொடு," என்று அதட்டி வாங்கிக்கொண்டு நடந்தார்.

அந்த நகல் இல்லாமல் அவர் மகள் அலமேலுவுக்குக் கல்யாணம் இல்லை. போர்ட் லூயிஸ் துணிக்கடை ராமசந்திரன் தன் மகனுக்குப் பெண் எடுக்குமுன் மூன்று தலைமுறைக் காகிதத்தைப் புரட்டிப் பார்க்கிற மனிதர். அவரிடம் விநாயகம் சொல்லிவைத்திருந்த கதை வேறு: தகப்பனார் புதுச்சேரி வியாபாரி, சொந்தக் காசில் கப்பலேறி வந்தவர், கடையை மூடிவிட்டு ஊர் திரும்பிவிட்டார். நிஜத்தில் மருதை ஒப்பந்தக் கூலியாக, கழுத்தில் எண் பொறித்த தகர வில்லை தொங்க வந்திறங்கியவன். குட்லண்ட்ஸ் பக்கம் விநாயகம் முதலாளியாக நின்று அதிகாரம் பண்ணும் ஏழு ஏக்கர் கரும்பும் அந்தக் கூலி மண்வெட்டி பிடித்துச் சேர்த்ததுதான். நிலத்தில் விநாயகத்துக்கு வெட்கம் இல்லை. மண்வெட்டியில்தான் வெட்கம்.

கோர்ட்டில் சாட்சி சொன்னவன் சின்னன், மருதையோடு ஒரே கப்பலில் வந்த கிழவன். கைநாட்டு வைக்கவில்லையென்றால் என் நிலத்திலிருக்கும் உன் குடிசை நாளைக்கு இருக்காது என்று சொன்ன பிறகுதான் வைத்தான். வைத்துவிட்டு மையை வேட்டியில் துடைத்துக்கொண்டே சொன்னான்:

"தம்பி, அவன் செத்த அன்னைக்கு ஆளனுப்பியும் வாய்க்கரிசி போட நீ வரலை. மகன் போடாத வாய். நானும் தாடையைக் கட்டிப் பாத்தேன், மூடலை. தொறந்த வாயோடதான் பெட்டியில வச்சு ஆணி அடிச்சோம். இப்ப அவன் சாவையும் புடுங்கிக்கிட்டியா?"

"போடா கிறுக்கா," என்றார் விநாயகம்.

நிச்சயதார்த்தத்தன்று மத்தியானம். சம்பந்தி வீட்டார் வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அறுவடைக் காலம்; தூரத்து ஆலையின் வெல்லப்பாகு வாசனையும், காய்ந்த கரும்புத் தோகையின் தூசியும், மனைவி தெய்வானை அடுப்பில் வறுத்த ரவையின் மணமும் கலந்து அந்தத் தகரக் கூரைக்கடியில் புழுங்கிக் கிடந்தன. நகலை எடுத்துக் கொடுக்குமுன் உள்ளறையில் ஒருதரம் பிரித்துப் பார்த்தார் விநாயகம்.

ஓரத்தில் நான்கு வரிகள் இருந்தன.

'வயது எண்பத்திரண்டு.' அதற்குக் கீழே, 'இறந்த இடம் ஆஸ்பத்திரி என்பதை மகன் வீடு என்று வாசிக்கவும்.' அதற்கும் கீழே, 'தகவல் தந்தவர், அருகில் இருந்தவர்: மகன் விநாயகம்.' நாள் எழுதும் இடம் காலியாக இருந்தது.

பெர்னாரின் குசும்பு, நாளைக்கே அவன் வேலைக்கு உலை வைக்கிறேன் என்று பல்லைக் கடித்து, நகலை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. வீட்டுக்குப் பின்னால், கரும்புக்குள், யாரோ மண்வெட்டியைத் தரையில் இழுத்துக்கொண்டு வரும் சத்தம். கல்லில் இரும்பு உரசும். நிற்கும். மறுபடி உரசும். அவசரமே இல்லாத நடை. பள்ளிக்கூடத்துப் பையன்கள் முன்னால் தகப்பன் அந்தச் சத்தத்தோடு வரும்போதெல்லாம், சின்ன வயதில், அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

நனைந்த சாக்கு வாசனை சன்னல் வழியே வந்தது.

தெய்வானை எட்டிப் பார்த்தாள். "ஏங்க, வாசல்ல யாரோ பெரியவரு நிக்கிறாரு. உங்க பேரைச் சொல்றாரு. பாவம், உள்ள வரச் சொல்லிட்டேன்."

அவள் மாமனாரைப் பார்த்ததில்லை.

கூடத்தில் கிழவன் நின்றான். முதுகில் சாக்கு. சாக்கிலிருந்து செம்மண் கலந்த தண்ணீர் சொட்டிப் பலகைத் தரையில் சிவப்பாக ஓடியது. கழுத்தில் தகர வில்லை. முகம் மருதையின் முகம்தான். முப்பது வருடம் கூடுதலாக முதிர்ந்த முகம்.

"யாருங்க இவர்?" என்றார் ராமசந்திரன்.

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் மகள் கல்யாணம் போச்சு.

"தெரியாது. வெட்டுக்கு வந்த ஏதோ கூலிக் கிழவன்."

கிழவன் கோபப்படவில்லை. தெரிந்த பதில்தான் என்பதுபோலத் தலையாட்டினான். விநாயகத்தின் காலடியில் மெல்ல உட்கார்ந்தான். முகத்தை நிமிர்த்தினான். வாயைத் திறந்தான்.

திறந்தபடியே வைத்திருந்தான்.

விநாயகத்துக்குப் புரிந்தது. நிச்சயத் தட்டில் மஞ்சள் அரிசி இருந்தது. ஒரு சிட்டிகை போதும். கை தட்டுப் பக்கம் போனது. ராமசந்திரன் பார்த்துக்கொண்டிருந்தார். கை திரும்பி வந்து கோட்டுப் பையில் ஒளிந்துகொண்டது.

"பசிக்குதோ என்னமோ, அப்பா," என்றாள் அலமேலு. யாரும் தடுக்குமுன் ஒரு பிடி அரிசியை அள்ளி அந்த வாயில் போட்டாள்.

அரிசி விழுந்தது.

விழுந்துகொண்டே இருந்தது.

பிறகு, வெகு ஆழத்தில், பலகைமேல் அரிசி மணி சிதறும் சத்தம்.

அலமேலு அலறிக்கொண்டு பின்வாங்கினாள். நாற்காலிகள் சாய்ந்தன. ராமசந்திரன் துண்டைக்கூட எடுக்காமல் ஓடினார். அவர் வீட்டுப் பெண்கள் ஓடினார்கள். தெய்வானை மகளை இழுத்துக்கொண்டு தெருவுக்குப் போனாள். வாசலில் வண்டி கிளம்பித் தூரத்தில் தேய்ந்தது.

கல்யாணம் போயிற்று. வாய் மூடவில்லை.

விநாயகம் மட்டும் நின்றார். பயத்தைவிட ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது. செத்தும் மானத்தை வாங்குகிறான். கூலி. கடைசிவரை கூலி. அவர் தட்டிலிருந்து அரிசியை அள்ளினார். இனி யாருக்கு மறைக்க வேண்டும்? 'அப்பா' என்று ஒரு வார்த்தை வந்திருக்கலாம். வரவில்லை.

"இந்தா, தின்னு தொலை," என்று கையை வாய்க்குள் திணித்தார்.

வாய் மூடிக்கொண்டது.

கடிக்கவில்லை. மெதுவாக, நிம்மதியாக, மணிக்கட்டைச் சுற்றி மூடிக்கொண்டது. கிழவனின் கண்கள் செருகின. மூச்சு அடங்கியது. விநாயகம் இழுத்தார். உதறினார். கை வரவில்லை. தோள்வரை குளிர்ந்தது. சட்டைப் பையில் இருந்த நகல் ஈரமானது, யாரோ அதில் நாள் எழுதுவதுபோல ஒரு கீறல் நெஞ்சில் ஊர்ந்தது.

உள்ளே, விரல் நுனியில், பலகை தட்டுப்பட்டது. அதன் மறுபக்கத்திலிருந்து யாரோ நிதானமாக ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள்.