கடைசிப் பிள்ளையின் கை

“இஞ்சை என்னென்ன செய்யக் கூடாது?” படியேறும்போது அம்மா கேட்டாள்.

“ஓடக் கூடாது. கத்தக் கூடாது. சிஞ்ஞோராட்டை ஒண்டும் கேக்கக் கூடாது.” மொனிகா ஒப்புவித்தாள். “உங்களிட்டைக் கேக்கலாமோ?”

“வேலை முடியட்டும். பிறகு கேள்.”

அது இரண்டு வருடங்களுக்கு முந்திய பேச்சு. அம்மா றோசமலர் வேலை செய்யும் வீடு கால்சா என்ற இத்தாலிய நகர்ப் பகுதியில், இரண்டாம் மாடியில் இருந்தது. பள்ளி விட்டதும் மொனிகா அங்கே போய், பல்கனியில் இருந்து பாடம் எழுதுவாள். கீழே தெருவில் பிள்ளைகள் விளையாடுவார்கள். கேட்க வேண்டியது நாக்கு நுனியிலேயே நின்றது. அம்மாவின் வேலைதான் முடிவதாக இல்லை.

இந்த மாதம் சாப்பாட்டு மேசையில் ஒரு படம் வளர்ந்துகொண்டிருந்தது. வீட்டுக்கார அம்மாவான சிஞ்ஞோரா துண்டு துண்டாகப் பொருத்தும் ஐந்நூறு துண்டுப் படம். நூற்றைம்பது வருடங்களுக்கு முன் அமெரிக்காவில் யாரோ வரைந்தது. கிராமத்துப் பிள்ளைகள் வெறுங்காலோடு, கைகோத்து, வரிசையாகப் புல்வெளியில் ஓடுகிறார்கள். முன்னால் ஓடியவன் சட்டென்று நிற்க, வால்பக்கம் சுழன்று விழப்போகிறது.

இன்று ஒரே ஒரு துண்டுதான் மிச்சம். “இதை என் தங்கை வைக்க வேண்டும்,” என்று அதை மேசையில் வைத்துவிட்டு, சிஞ்ஞோரா தங்கையைக் கூட்டிவர ரயில் நிலையத்துக்குப் போயிருந்தார்.

அம்மா படத்தைப் பலகையோடு தூக்கிக் கட்டிலில் வைத்தாள். மேசை விரிப்பை எடுத்தாள். அந்தத் தெருவில் எல்லோரும் செய்வதுபோல, பல்கனியில் நின்று நன்றாக உதறினாள்.

பிறகுதான் வெறும் மேசையைக் கண்டாள். “பிள்ளை, அந்தத் துண்டு?”

படத்தில், கடைசி இரண்டு பிள்ளைகளின் கைகள் சேரும் இடத்தில் ஓட்டை.

“நான் பாக்கிறன் அம்மா.” மொனிகா படிகளில் ஓடினாள்.

“ஒருத்தரும் கால் அசைக்காதீர்கள்,” என்றாள் தெருவில் இருந்த பிள்ளைகளிடம், இத்தாலிய மொழியில். ஒற்றைக்காலில் நின்றவன் அப்படியே நின்றான்.

“என்ன தொலைந்தது?” என்று அவர்களில் ஒருத்தியான ஜூலியா கேட்டாள்.

“இரண்டு கைகள்.”

“யாருடைய கைகள்?”

மொனிகா சிரித்துக்கொண்டே விளக்கினாள். ஆளுக்கொரு பக்கம் தேடினால் இடம் விட்டுப்போகும் என்று அவளுக்குத் தோன்றியது. “படத்தில் இருப்பதுபோல் கைகோத்து வாருங்கள். ஆனால் மெதுவாக, கீழே பார்த்தபடி.”

வரிசையின் வாலில் மொனிகாவோடு, ஏழு பேரும் தெருவை அடைத்துக்கொண்டு நடந்தார்கள். ஸ்கூட்டர் ஒன்றின் சக்கரத்தடியில் துண்டு கிடந்தது.

அம்மா கயிற்றில் கூடையை இறக்கினாள். மரக்கறி ஏறும் கூடையில், இரண்டு சின்னக் கைகள் மேலே போயின.

கொஞ்ச நேரத்தில் அம்மா எட்டிப் பார்த்தாள். “பொருந்தீட்டுது பிள்ளை. சிஞ்ஞோராவின்ரை தங்கச்சி வைக்கட்டும் எண்டு துண்டைத் திருப்பி எடுத்து மேசையிலை வைச்சிட்டன். அப்பாடா, உயிர் வந்தது. மேலை வா.”

ஜூலியா இன்னும் மொனிகாவின் கையை விடவில்லை. “இனி நீதான் எங்கள் வால்,” என்றாள்.

மொனிகா அண்ணாந்து, தெரு முழுக்கக் கேட்கக் கத்தினாள்.

“அம்மா, நான் இஞ்சை நிண்டு விளையாடட்டா?”