பிணத்துக்குச் சேர வேண்டிய கமிஷன்

டெலிபோன் அலறியது.

சிதம்பரம் கீழவீதி லாட்ஜில் டிரங்க் கால் வந்தால் மானேஜர்தான் எடுப்பார். அன்று காலை ஒன்பதரை மணிக்கு மானேஜர் காபி குடிக்கப் போயிருந்தார். மாடிப்படி இறங்கி வந்த தாண்டவராயன் எடுத்தான்.

"லாட்ஜ் மானேஜருங்களா? கடலூர் முதுநகர், சுப்பராயலு தையல் மெஷின் ஏஜென்சி கிளார்க் சாமிக்கண்ணு பேசறேன்."

லைனில் ஒரே கரகரப்பு. ஆனாலும் தாண்டவராயனுக்கு நெஞ்சு துள்ளியது. ஆறு வருஷம் ஊர் ஊராக மெஷின் விற்ற கம்பெனி அது. ராஜினாமா கொடுத்து ஒன்றரை மாதமாகிறது. பாக்கிக் கமிஷன் ஆயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாயை முதலாளி சுப்பராயலு இன்று நாளை என்று இழுத்தடித்துக்கொண்டிருந்தார். அது வந்தால் தெற்கு வீதியில் சின்னதாக ஒரு ரிப்பேர் கடை. வராவிட்டால் லாட்ஜ் வாடகைக்கே தாளம்.

"சொல்லுங்க."

"உங்க லாட்ஜுல தாண்டவராயன்னு ஒருத்தரு இருந்தாரே... அவரு சாமானைக் கட்டி வச்சிடுங்க. அவரு செத்துட்டாரு."

தாண்டவராயன் ரிசீவரை ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

"எப்போ?"

"நேத்து சாயங்காலம் உப்பனாத்துல பொணம் மெதந்துச்சி. மூஞ்சிய மீன் கடிச்சிட்டுது. தோள்ல பை. பையில அவரு பேரு, கம்பெனி நோட்டீசு எல்லாம் இருந்துச்சி."

பை!

மூன்று நாள் முன்பு பஸ் ஸ்டாண்டில் திருட்டுப்போன பை. எடுத்தவன் அதோடு ஆற்றில் விழுந்து தொலைத்திருக்கிறான்...

தாண்டவராயன் மெல்லக் கேட்டான். "அவருக்குக் குடும்பம்?"

"சம்சாரம் வந்துட்டாங்க. பன்னண்டு மணிக்கு முதுநகர் போலீஸ் ஸ்டேஷன்ல பாடிய ஒப்படைக்கிறாங்க. பாக்கிக் கமிஷனையும் மொதலாளி அங்கியே அவுங்ககிட்ட குடுத்துடறாராம். ரசீது எங்கன்னு மெட்ராஸ் ஹெட் ஆபீஸ்ல தொல்லை ஜாஸ்தி. கைநாட்டு உழுந்துட்டா கணக்கு முடிஞ்சுது."

லைன் அறுந்தது.

தாண்டவராயனுக்கு வயது நாற்பத்திரண்டு. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்த்துக் கட்டிவைக்க மனுஷாள் இல்லை. பெண்டாட்டியே இல்லாதவனுக்கு விதவை எங்கிருந்து முளைத்தாள்?

கைநாட்டு விழுந்தால் பணம் போச்சு. கடையும் போச்சு. அடித்துப் பிடித்து பஸ் ஏறினான்.

ஆலப்பாக்கத்தில் பஸ் பஞ்சர். டிரைவர் சக்கரம் மாற்றும்வரை புளியமரத்தடியில் நின்றவன், தான் செத்த சேதியை யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்று எண்ணிப் பார்த்தான். லாட்ஜ் மானேஜர். அதுவும் ரூமைக் காலி செய்வதற்காக. வேறு ஒருவரும் ஞாபகத்துக்கு வரவில்லை.

முதுநகர் ஸ்டேஷனை அடைந்தபோது மணி பன்னிரண்டு பத்து. வாசலில் கூட்டம். உள்ளே ஒரு பெண் அழும் குரல்.

"என் ராசா... மெஷினு மெஷினுன்னு ஊரூரா அலைஞ்சியே... வேளைக்குத் தின்னியா... கடைசியில ஒரு வாய் தண்ணி ஊத்த ஆளில்லாம பூட்டியே..."

பாய்ந்து உள்ளே போக வந்தவன், கூட்டத்துக்குப் பின்னாலேயே நின்றுவிட்டான். பொய் அழுகைதான். அது அவனுக்கும் தெரியும். ஆனாலும் இன்னும் கொஞ்சம் அழட்டும் என்று இருந்தது.

உள்ளே சுப்பராயலு துண்டால் கண்ணை ஒற்றிக்கொண்டிருந்தார். மேஜையில் ரசீது தயார். ரெவின்யூ ஸ்டாம்புகூட ஒட்டியாயிற்று.

இன்ஸ்பெக்டர் சபாபதி பேனாவைத் திறந்தார். "ஒன் பேரும்மா?"

"மலர்க்கொடிங்க."

"புருஷன் பேரு?"

"தாண்டவராயன்."

பேனா நின்றது.

வாசலில் நின்ற மீன்காரி வாயில் கை வைத்தாள். "அய்ய... புருஷன் பேர இப்புடிப் பட்டுனு சொல்லுதே!"

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "பதினெட்டு வருஷ சர்வீஸ்ல ஒரு பொம்பள புருஷன் பேர என்கிட்ட வாயத் தொறந்து சொன்னதில்ல. பக்கத்து வூட்டுக்காரரக் கேட்டுத்தான் எழுதுவேன். நீ என்னமோ பஸ் நிக்கிற ஊரு மாதிரி சொல்றியே?"

"துக்கத்துல ஒளறுது சார்," என்றார் சுப்பராயலு அவசரமாக. "நீங்க சாட்சிக் கையெழுத்தப் போடுங்க..."

"போடாதீங்க சார்."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாண்டவராயன் வந்தான்.

"யாருய்யா நீ?"

"பொணம்."

"என்னா?"

"தாண்டவராயன் சார். உப்பனாத்துல மெதந்தது என் பையத் திருடுனவன். எனக்குக் கல்யாணமே ஆவல."

மூலையில் இருந்த சாமிக்கண்ணு சுவரோடு ஒட்டிக்கொண்டான். "அண்ணந்தான் சார்... அவரேதான்..."

சுப்பராயலு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"செத்துட்டாருன்னுதான் சார் நெஜமாவே நெனச்சேன்..."

"அதனால பொண்டாட்டிய வாடகைக்குப் புடிச்சியா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஹெட் ஆபீஸ் அனுப்புன பணத்த முழுங்கிட்டு, ரசீதுக்கு ஒரு கட்டை விரலு சார்," என்றான் தாண்டவராயன்.

சுப்பராயலு மேஜையிலிருந்த ரசீதை மெல்லத் தன் பக்கம் இழுத்தார்.

இன்ஸ்பெக்டர் அவளிடம் திரும்பினார். "எவ்ளோம்மா பேசுனாரு?"

"அம்பது ரூவா." மலர்க்கொடி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஆனா புருஷன் பேர சொல்லக் கூடாதுன்னு எனக்குத் தெரியாதா சார்? தெரிஞ்சிதான் சொன்னேன்."

இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எங்க வூட்டுக்காரரும் இவருகிட்டதான் மெஷின் வித்தாரு. வேலைய உட்டு நின்னப்ப கமிஷன் குடுக்கல. மருந்துக்கு வழியில்லாம காய்ச்சல்லியே பூட்டாரு. ரெண்டு வருஷமா நடக்கறேன். நேத்துக் கூப்புட்டு இந்த வேஷத்தப் போடச் சொன்னாரு. போலீசு முன்னாலதான்னு சொன்னதும் சரின்னேன். நானா வந்து சொல்லியிருந்தா, ஏழை பேச்ச யாரு கேப்பா?"

"அவரு பேரு என்னா?"

மலர்க்கொடி தலையைக் குனிந்துகொண்டாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை.

"சொல்லும்மா, எழுதணுமில்ல?"

"அதான் சார்... ஆண்டிக் கோலத்துல சாமி நிக்கற மலை... அப்புறம் முருகன் கையில வச்சிருப்பாரே, அது..."

"பழனிவேல்," என்றான் தாண்டவராயன். "பண்ருட்டி லைன் பார்த்தவரு. ஆபீசுல ரெண்டு தடவ பார்த்திருக்கேன்."

அவள் தலையாட்டினாள். பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது.

இன்ஸ்பெக்டர் அந்தப் பெயரை எழுதிக்கொண்டார். "இவதான்யா பொண்டாட்டி," என்றார்.

மூன்று மணிக்குள் சாமிக்கண்ணு ஏஜென்சிப் பெட்டியிலிருந்து பணம் கொண்டுவந்தான். இரண்டு கவர்கள். சுப்பராயலு லாக்கப்புக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

தாண்டவராயன் ஸ்டாம்பின் மேல் கையெழுத்துப் போட்டான். நினைத்த அளவு சந்தோஷம் வரவில்லை. சொல்ல ஆள் இருந்தால் அல்லவா சந்தோஷம்?

வாசலில் மலர்க்கொடி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமாம்மா? நீங்க அழுதத வெளிய நின்னு கேட்டேன். எங்கம்மா செத்தப்புறம் எனக்காக யாரும் அழுததில்ல. அதுல கொஞ்சமாவது..."

"தப்பா நெனைக்காதீங்கண்ணே." அவள் குரல் தழைந்தது. "அது அத்தனையும் அவருக்காக அழுதது. ரெண்டு வருஷமா உள்ள கெடந்தது."

தெரிந்த பதில்தான். ஆனாலும் சுருக்கென்றது. தாண்டவராயன் கவரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, வரவழைத்த சிரிப்போடு சொன்னான்:

"சரிதாம்மா. ஆனா ஆர்டர் புக் ஆனது என் பேர்லதான? அந்த அழுகையில நூத்துக்கு அஞ்சாவது எனக்குக் கமிஷன் வராதா?"